விவசாயிக்கு அவேர்னெஸ் இல்லையாம்!

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் மதியச் சாப்பாடு. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பெனிக்குள் நடக்கிற ஏதோ ஐடியா போட்டிக்குத் தயார் செய்த ஸ்லைடுகளைக் காட்டிக்கொண்டிருந்தான். சிறு விவசாயிகளை நிலைத்த வேளாண்மைக்கு மாற்ற ஒரு மொபைல் செயலி. நல்ல பையன், நல்ல நோக்கம். முதல் ஸ்லைடில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: "பிரச்சினை: விவசாயிகளிடம் அவேர்னெஸ் இல்லை."

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எட்டு பேரும் தலையாட்டினார்கள். அதில் ஏழு பேர் பிறந்ததிலிருந்து சேற்றில் கால் வைக்காதவர்கள். எட்டாவது ஆள், திருத்துறைப்பூண்டி பக்கம் காவிரிக் கடைமடையில் பிறந்து வளர்ந்த நான், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பையன் மேல் கோபமில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை நானே என் அப்பாவிடம் பேசியிருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. நம் விவசாயி புதுசு எதையும் சீக்கிரம் ஏற்க மாட்டான் என்று யார் சொன்னது? பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002-ல். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதுதான். அது நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. வேகத்தை மட்டும் பாருங்கள். போர்வெல் வந்தபோது யாராவது அவேர்னெஸ் முகாம் நடத்தினார்களா? இந்தத் தெலங்கானா மேட்டு நிலத்தில் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, ஒன்று பொய்த்தால் இன்னொன்று என்று துளை போட்டுக்கொண்டே போனார்கள். தனக்குக் கட்டுப்படியாகும் என்று தெரிந்தால் விவசாயி யாருக்கும் காத்திருப்பதில்லை.

அப்படியானால் நாம் சொல்கிற 'நல்ல' விஷயங்களை மட்டும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்? இந்தக் கேள்விக்குப் படித்தவர்கள் கண்டுபிடித்த சுலபமான பதில்தான் மனப்பான்மை. எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர் 1962-ல் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஜனங்களை ஐந்து வகையாகப் பிரித்து, கடைசியில் வருகிறவர்களுக்கு 'லேகார்ட்' என்று பெயர் வைத்தார். நம்மூர்த் தமிழில் சொன்னால் மந்தம். அந்தப் பெயர் வேளாண் கல்லூரிப் பாடமாகி, அங்கிருந்து அதிகாரிகள் வாய்க்கு வந்து, இப்போது எங்கள் கேண்டீன் ஸ்லைடு வரைக்கும் வந்துவிட்டது. ரோஜர்ஸ் ஐயோவாவில் ஒரு விவசாயியின் பிள்ளை. அவர் அப்பாவும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தைப் பல வருஷம் வேண்டாம் என்று தள்ளிப் போட்டவர். ஆனாலும் மனுஷன் நேர்மையானவர். புத்தகத்தின் பிந்தைய பதிப்புகளில், இந்தத் துறையில் எல்லாப் பழியையும் தனிமனிதன் தலையில் கட்டும் வழக்கம் இருக்கிறது என்று அவரே எழுதினார். அந்தப் பகுதியை யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

பதில் வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டாம். எங்கள் ஆபீசிலிருந்து மும்பை ரோட்டில் போனால் பட்டான்செருவில் இக்ரிசாட் இருக்கிறது. 1972-ல் தொடங்கிய சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம். 1975-லிருந்து அவர்கள் சில கிராமங்களில் குடும்பம் குடும்பமாக வரவு செலவு எழுதி வந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார நிபுணர் விவசாயிகளிடம் ஒரு விளையாட்டு வைத்தார். நிச்சயமாகக் கிடைக்கும் சின்னத் தொகை வேண்டுமா, அல்லது காசைச் சுண்டிவிட்டு, விழுந்தால் பெரிய தொகை, விழாவிட்டால் கொஞ்சமோ ஒன்றுமே இல்லையோ, அது வேண்டுமா? வெறும் பேச்சுக்கில்லை, நிஜப் பணம் கொடுத்து ஆடிய ஆட்டம். ஏழை பயப்படுவான், பணக்காரன் துணிவான் என்றுதானே நினைப்போம்? 1980-ல் வெளியான முடிவு வேறு. தொகை பெரிதாகும்போது கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே மாதிரி, மிதமாகத்தான் ரிஸ்கைத் தவிர்த்தார்கள். ஏழைக்கும் வசதியானவருக்கும் மனசில் பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் ஏன் ஒருவர் புது விதை போடுகிறார், இன்னொருவர் போடுவதில்லை? மனசு ஒன்றானால் வித்தியாசம் வெளியில்தான் இருக்க வேண்டும். யாருக்குக் கடன் கிடைக்கிறது, யாருக்கு இடுபொருள் கிடைக்கிறது, யாருக்குத் தண்ணீர் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது இந்த முடிவு வந்து. இதே ஊரில் இருந்துகொண்டு இன்னும் "அவேர்னெஸ்" என்கிறோம்!

இனி என் சொந்தக் கதை. 2007-ல் நான் ஐதராபாத் வந்தபோது இங்கே வேளாண் வட்டாரத்தில் ஒற்றை நாற்று நடவு பற்றித்தான் பேச்சு. மடகாஸ்கரில் ஹென்றி டி லாலானியே என்ற பாதிரியார் 1980-களில் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை. 2006 நவம்பரில் அதற்கான முதல் தேசியக் கருத்தரங்கு இந்த ஊரில்தான் நடந்தது. நம்மூரில் செம்மை நெல் சாகுபடி என்றார்கள். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 'ராஜராஜன் 1000' என்றுகூடப் பெயர் வைத்தார்கள். 14 நாள் இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர் சதுரம். வயலில் தண்ணீரைக் கட்டியே வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை கோனோ வீடர் தள்ளிக் களையை மண்ணிலேயே அமுக்க வேண்டும். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். தண்ணீர் மிச்சம், விதை மிச்சம், மகசூல் கூடுதல். வேறென்ன வேண்டும்?

நான் 2010-ல் ஒரு கோனோ வீடர் வாங்கிக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தேன். பிள்ளை ஆசைப்பட்டானே என்று அப்பா ஒரு ஏக்கரில் செய்தார். நாலு மூட்டை கூடுதலாகவே கண்டது. மறுவருஷம் அரை ஏக்கர். அதற்கடுத்த வருஷம் ஒன்றுமில்லை. வீடர் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது.

எனக்கு வந்ததே கோபம். "கண்ணால பாத்தும் மாற மாட்டேங்கிறீங்களே" என்று போனில் கத்தினேன். அப்பா பதிலுக்குக் கத்தவில்லை. "தண்ணிய வடிச்சுடலாம்டா. திரும்பக் கேட்டா யாரு தருவா? மடையத் திறக்கிறது நானா?" என்றார்.

அப்போது அது சாக்குப்போக்காகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது. எங்களுடையது கடைமடை. மேட்டூர் திறந்து, முறை வைத்து, மேலத்தெரு வயல்களையெல்லாம் தாண்டி எங்களுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது கட்டி வைத்தால்தான் பிழைப்பு. சொந்த பம்ப்செட் வைத்திருப்பவர் காயவிடலாம், அடுத்தவன் மடையை நம்பி இருக்கிறவர் எப்படிக் காயவிடுவார்? அதுமட்டுமா, ஐப்பசி மழையில் பள்ளக்கால் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பதினாலு நாள் நாற்று அதில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நடவு ஆட்கள் ஏக்கர் கணக்கில் குத்தகை பேசி நடுகிறவர்கள். கயிறு பிடித்துச் சதுரம் பார்த்து நடச் சொன்னால் அவர்களுக்கு அன்றைய கூலி குறையும், ஆகவே அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். வீடர் தள்ள ஆண் ஆள் வேண்டும், அந்த நேரத்தில் ஊரில் ஆண் ஆள் கிடைக்காது. விதையில் மிச்சம் பிடித்ததைக் கூலி தின்றுவிடும்.

இது எங்கள் அப்பாவின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் அந்த முறை பிறந்த மடகாஸ்கரையே பாருங்கள். கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பேரெட் என்ற இருவர் அங்கே ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். மகசூல் கூடுகிறது என்று தெரிந்தும் நிறையப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்களிலும் பலர் விட்டுவிட்டார்கள். காரணம்? கூடுதல் உழைப்பு கேட்கும் அந்த நாட்கள்தான் ஏழை வீட்டில் அரிசிப்பானை காலியாகும் நாட்கள். அன்றைய சோற்றுக்கு அடுத்தவன் வயலில் கூலிக்குப் போனால்தான் உண்டு. சொந்த வயலில் சதுரம் பார்த்து நட்டுக்கொண்டிருக்க முடியாது.

சரி, எப்போது எடுக்கிறார்கள்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, இங்கே கம்மம் பக்கம் பால்வஞ்சா வட்டாரத்தில் புனுகுலா என்ற ஊர். பருத்தியும் மிளகாயும் போடுகிற ஊர். தெலுங்கில் கடனுக்கு 'அப்பு' என்று பெயர். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, நம்மூரில் அப்பு என்றால் செல்லப் பெயராயிற்றே! புனுகுலாவில் அப்பு கொடுப்பவரே விதை கொடுப்பார், அவரே பூச்சிமருந்து கொடுப்பார், விளைந்ததை அவரே அவர் சொல்கிற விலைக்கு எடுத்துக்கொள்வார். 1997-98-ல் வாரங்கல் பக்கம் பருத்தி விவசாயிகள் கொத்துக் கொத்தாகப் பூச்சிமருந்தையே குடித்துச் செத்தது இந்தக் கண்ணியில் மாட்டித்தான். 2000-களின் முதல் சில வருஷங்களில் ஒரு உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் ஐதராபாத்தின் நிலைத்த வேளாண்மை மையமும் அங்கே பூச்சிமருந்தில்லாத முறையைச் சொல்லிக் கொடுத்தன. வேப்பங்கொட்டைச் சாறு, மிளகாய்ப் பூண்டுக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, இப்படி. மருந்துக் கடைக்காரர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பிடித்துக்கொண்டன. விஷமடித்து வாந்தியெடுக்கும் புருஷனைத் தாங்கிப் பிடித்தவர்களும், அடகுக் கடைக்குப் போன தாலியை மீட்க அலைந்தவர்களும் அவர்கள்தானே! கடைசியில் அந்த ஊர் பூச்சிமருந்தில்லாத ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டது.

புனுகுலாக்காரர்கள் பூமித்தாய்மேல் திடீரென்று பாசம் பொங்கி மாறவில்லை. செலவு முதல் பருவத்திலேயே இறங்கியது, கடன்காரர் பிடி தளர்ந்தது, பக்கத்து வயல்காரரும் கூடவே செய்தார். அவ்வளவுதான் மந்திரம். இந்த வழியைத்தான் 2004-05-லிருந்து ஆந்திர அரசின் கிராமப்புற வறுமை ஒழிப்பு அமைப்பு பெண்கள் குழுக்கள் மூலம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. சொல்லிக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் செய்து பார்த்த விவசாயிகளே. இன்றைய ஆந்திராவின் இயற்கை வேளாண்மைத் திட்டத்துக்கு வேர் அதுதான். அரசு சொல்லும் கணக்கில் எத்தனை பேர் முழுசாக மாறினார்கள் என்று விவாதம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் கடனிலிருந்து தப்பிக்க வழி தெரிந்தபோது ஜனங்கள் வந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது எங்கள் ஊர்ப் பக்கமே. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன், 2018-ல் காலமானாரே, அவர் நடத்திய நெல் திருவிழா. பாரம்பரிய நெல் 2 கிலோ இலவசமாகக் கொடுப்பார், மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். இதில் விவசாயி எதைப் பணயம் வைக்கிறார்? ஒரு மூலையில் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். விளைந்தால் விதை, விளையாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. அதனால்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் கை மாறி கை மாறி இத்தனை ஜில்லாவுக்குப் போயின.

நேர்மாறான உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2021 மே மாதம் இலங்கையில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். நாடே ஒரே நாளில் இயற்கை விவசாயமாம். மாற்று உரம் கையில் இல்லை, நஷ்டம் யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வடக்கு, கிழக்குத் தமிழ் விவசாயிகள் முதல் தெற்கே சிங்கள விவசாயிகள் வரை எல்லோரும் அடிபட்டார்கள். நெல்லும் தேயிலையும் சரிந்து, அந்த நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். விவசாயி பணத்தில் அரசாங்கம் சூதாடியது. அதனால் அங்கே இயற்கை விவசாயம் என்ற வார்த்தைக்கே கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம்.

நம் அரசாங்கம் மட்டும் என்னவாம்? 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அடக்க விலையில் பெரும் பகுதியை அரசு கட்டுகிறது. தொழு உரம் போடுகிறவருக்கு அப்படிக் கட்டுகிறவர் யார்? மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும். தண்ணீரை மிச்சப்படுத்தினால் விவசாயிக்கு ஒரு பைசா கிடையாது. இத்தனையும் செய்துவிட்டு "மண்வளம் கெடுகிறது, விழிப்புணர்வு தேவை" என்று சுவரில் எழுதுகிறோம். அவர் விழிப்போடுதான் இருக்கிறார் சார். விலைப் பட்டியலை நம்மைவிட நன்றாகப் படிக்கிறார்.

இப்போது எனக்கு வலிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு எங்கள் 3 ஏக்கரை ஊரில் ஒருவர் குத்தகைக்குப் பார்க்கிறார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான், போகத்துக்கு இத்தனை மூட்டை என்று. பட்டா அம்மா பேரில் இருக்கிறது. பி.எம். கிசான் ஆறாயிரம் அம்மா கணக்குக்குத்தான் வருகிறது. சேற்றில் இறங்குகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. தெலங்கானாவிலும் இதே கதைதான். 2018-ல் ரைத்து பந்து வந்தபோது ஏக்கருக்கு இவ்வளவு என்று பட்டாதாரருக்குப் போனது. பட்டாதாரர் அமெரிக்காவில் இருந்தாலும் போனது. 'கௌலு ரைத்து' என்று இங்கே சொல்லப்படும் குத்தகை விவசாயிக்குப் போகவில்லை.

போன தடவை சார்மினார் எக்ஸ்பிரசில் ஓர் இரவு, மன்னை எக்ஸ்பிரசில் ஓர் இரவு என்று ஊர் போய்ச் சேர்ந்தபோது, வரப்பில் நின்று அண்ணனுக்கு உபதேசம் செய்தேன். பசுந்தாள் உரம் போடுங்கண்ணே, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்கண்ணே, யூரியாவைக் குறைங்கண்ணே, மூணு வருஷத்துல மண்ணு பொன்னாயிடும்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செய்யலாம் தம்பி. மூணு வருஷம்ங்கிறீங்க. அடுத்த வருஷம் நெலம் எங்கிட்டதான் இருக்கும்னு நீங்க சொல்லுவீங்களா?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எழுதிக் கொடுக்காமல் வைத்திருப்பதே நாங்கள்தான். 1955-ம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பட்டாதாரர் வீடுகளில் ஒரு பயம் ஊறிக் கிடக்கிறது, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று. அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. வருஷா வருஷம் ஆள் மாறலாம். தன்னிடம் அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாத மண்ணுக்கு, என்ன பைத்தியத்துக்கு ஒருவர் மூன்று வருஷம் உரமேற்றுவார்? இன்றைக்குப் போட்டால் இன்றைக்கே பச்சை காட்டும் யூரியாதான் அவருக்குச் சரியான கணக்கு. எங்கள் மண்ணைக் கெடுப்பது அவரது அறியாமை என்றுதான் அந்தக் கேள்விவரை நினைத்திருந்தேன். காரணம் என் பயம்.

இதைத்தான் கேண்டீனில் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தம்பியின் செயலியில் நாலு கேள்வி சேர்த்திருக்கலாம். நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? கூடுதல் வேலைக்கு ஆள் எங்கே? மடை யார் கையில்? மூன்று வருஷம் கழித்து அந்த மண் யாருடையது? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் விவசாயி செயலி இல்லாமலே வருவார். இல்லாவிட்டால் ஆயிரம் குறுஞ்செய்தி அனுப்பினாலும் வர மாட்டார், வரவும் கூடாது. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புனுகுலாவிலும் புழு எப்போது முட்டையிடும் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்தான். ஆனால் கற்றுக்கொண்டதைச் செய்து பார்க்க முதலில் கழுத்தில் இருக்கும் கை விலக வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு எழுத்தில் குத்தகை கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா பேச மாட்டேன் என்கிறார். சித்தப்பா போன் செய்து, "ஐதராபாத்துல ஏசில உக்காந்துகிட்டு இங்க புரட்சி பண்றியா?" என்று பிடிபிடியென்று பிடித்தார். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், மறைப்பானேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். பத்திரம் எழுதப்படுமா, வழக்கம்போல உபதேசம் மட்டும் செய்துவிட்டு ரயிலேறுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

இதைப் படிக்கிற பலரும் என்னைப் போல ஊரில் கொஞ்சம் நிலத்தை விட்டுவிட்டு எங்கெங்கோ பொட்டி தட்டிக்கொண்டிருப்பவர்கள்தான். என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள் :-) அதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டு, நம் நிலத்தில் இப்போது உழுகிறவர் யார், அவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.